தைஃபூ உன் அம்மாவிடம் கேட்டது

மகனே,

நாளை மறுநாள் நீயும் உன் அம்மாவும் ஊருக்குப் போகிறீர்கள். உனக்கு ஒரு வயது முடிந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. ஏர்போர்ட், விமானம், திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கார், எதுவும் உனக்கு நினைவிருக்கப் போவதில்லை. நான் இங்கே ராஸ் அல் கைமாவில் இருப்பேன். திரும்பி வருவீர்களா என்று உன் அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் கேட்ட கையோடு பதிலையும் நானே சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நிலைமை சரியானதும் வந்துவிடலாம், என்ன, என்று முடித்துவிடுவேன். அவளும் சரி என்பாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேள்வியும் பதிலும் இப்படித்தான் நடக்கிறது.

நீ வளர்ந்து, ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் சமயத்தில் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது முப்பத்தோரு வயது. அறிவுரை சொல்கிற வயதில்லை, அதற்கான பொறுமையும் என்னிடம் இல்லை. ஆனால் தலை நரைத்த பிறகு எழுதலாம் என்று விட்டால், அதற்குள் இந்தக் கதையை எனக்குச் சாதகமாகத் தேய்த்து மழுக்கிவிடுவேன். அதனால் இப்போதே, நீ கட்டிலில் கவிழ்ந்து தூங்கும்போதே, எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நான் சிமெண்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன். சூளைக்குள் யாரும் தலையை விட்டுப் பார்க்க முடியாது. உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், காற்று எப்படி இழுக்கிறது என்பதையெல்லாம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லும் கருவிகள் உண்டு. அந்தக் கருவிகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. டிப்ளமோ முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவன். அளந்து பார்க்க முடிந்தால் உண்மை, முடியாவிட்டால் கதை என்பது என் கட்சி. அந்தக் கட்சியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன்.

உன் அம்மா ரோஸ்லின் அப்போது தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுகிறவள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கே அதுதான் காரணம், நம்மைப் போல இவளும் அளக்கிற கட்சி என்று நினைத்தேன். கல்யாணமான அடுத்த வருஷம் அவளை என் விசாவில் இங்கே கூட்டிவந்தேன். விசாவுக்குப் பொறுப்பேற்கிற ஆளை இந்த ஊரில் கஃபீல் என்பார்கள். அவள் விசாவில் அந்த இடத்தில் என் பேர் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து நான் டியூட்டி முடிந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து சத்தம் வரும்: "வாறேன், வாறேன். எங்க கஃபீலு வந்துட்டாவ." பக்கத்து ஃப்ளாட் மலையாளி அக்காவுக்குக்கூட அந்த வார்த்தை பழகிவிட்டது. அந்த நாட்களில் உன் அம்மா நிறையப் பேசுவாள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் கட்டிடம் முழுக்க நடந்ததைச் சொல்லி முடித்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போன இடத்தில் யாரோ அவளிடம், டவுனில் நக்கீல் பகுதியில் ஒரு கிளினிக்கில் லேபுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் மொபைல் இல்லாததால் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். என்னிடமும் சொன்னாள். நான் பார்க்கலாம் என்றேன். ஒரு நாள் காலை டியூட்டி முடிந்து வீட்டில் இருந்தபோது அந்த கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அவள் அடுப்படியில் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அழைத்துப் பேசக் கொடுத்திருக்கலாம், பத்தடி தூரம்தான். நான், அவங்களுக்கு இப்போ வேலைக்கு வர்ற எண்ணம் இல்லை, தேங்க்யூ, என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பினால் கையில் கரண்டியோடு வாசலில் நிற்கிறாள். பஸ் கிடையாது, ஷிஃப்ட் மாறி மாறி வரும், நான் சம்பாதிப்பது போதாதா என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் நல்ல காரணங்கள்தான், இன்றைக்குக்கூட ஒவ்வொன்றையும் வாதாடி நிலைநிறுத்துவேன். அவள் வாதாடவில்லை. சரி என்று மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கதவைத் தட்டினால் கதவு திறந்தது. கஃபீல் என்ற சத்தம் மட்டும் வரவில்லை. கருவியில் ஒரு முள் லேசாக ஆடினால் கண்டுபிடிக்கிறவன் நான். வீட்டில் ஒரு கேலி நின்றுபோனதை மாதக்கணக்காகக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளில் தொண்டை ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஒன்றும் இல்லை, தண்ணீர் குடித்தால் இறங்குகிறது. சும்மா இருக்கும்போதுதான் எதுவோ இருப்பதாகச் சொன்னாள். "புளியங்கொட்டை மாதிரி நிக்கிங்க. முழுங்குனாலும் போவமாட்டேங்கு, துப்புனாலும் வரமாட்டேங்கு." ராத்திரி தூக்கம் குறைந்தது. அடிக்கடி பெருமூச்சு விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் நார்மல். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் எரிச்சல். டாக்ஸியில் வரும்போதே, எல்லா ரீடிங்கும் நார்மல்னா உனக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், கலாஸ், முடிஞ்சுது, என்று சொல்லிவிட்டேன். ரத்தம் எண்ணுகிற வேலை பார்த்தவளுக்கு நார்மல் என்றால் என்ன என்று நான் பாடம் எடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சமயம் எங்கள் ஆலையில் சீனக் கம்பெனி ஒன்று புதிய சூளை கட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடைய இன்ஸ்ட்ருமெண்ட் இன்ஜினியர் லியூ என்று ஒருவர், என் வயதுதான். அவர்களுடைய மேனுவலில் இருக்கிற இங்கிலீஷை வைத்து நான் அவரைப் படுத்தாத பாடில்லை. ஆனாலும் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. நான் பால் விடாத சுலைமானி டீ குடிப்பேன், அவர் இலை மிதக்கிற கண்ணாடி ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் குடிப்பார். ஒரு நாள் பேச்சுவாக்கில் தொண்டை விஷயத்தைச் சொன்னேன். புளியங்கொட்டைக்கு இங்கிலீஷ் தெரியாமல், ஒரு விதை, என்று கையால் காட்டினேன். லியூ ஃப்ளாஸ்க்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர்கள் ஊரிலும் அப்படி ஒரு நோய் உண்டாம். பிளம் பழக் கொட்டை என்றே அதற்குப் பேராம், நூற்றாண்டுகளாக. அவர் அம்மாவுக்கே இருந்ததாம். அவர்கள் தங்கியிருந்த கேம்ப்பில் தொழிலாளிகளுக்காக ஒரு சீனப் பெண் வைத்தியர் இருந்தார். எல்லோரும் தைஃபூ என்றே கூப்பிட்டார்கள், சீனத்தில் டாக்டர் என்று பொருள். வெளியாட்களுக்கு ஊசி குத்தவோ மருந்து தரவோ அவருக்கு அனுமதி கிடையாது. கை பார்த்துப் பேசுவார், வெள்ளிக்கிழமை கூட்டிவா என்றார் லியூ.

கேம்ப்பில் பெட்டி மாதிரி ஒரு போர்ட்டா கேபின், அதற்குள் ஒரு மேஜை, ஒரு கெட்டில், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் மணம். தைஃபூவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். அவருக்குச் சீனம்தான் தெரியும். அவர் கேட்பதை லியூ எனக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும், நான் ரோஸிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பதில் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். முதலில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மா எப்படி உட்காருகிறாள், எப்படி மூச்சு விடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டச் சொல்லி ஓரங்களைப் பார்த்தார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அழுத்தி, இரண்டு கையிலும் ரொம்ப நேரம் கேட்டார். ஆமாம், கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், தலையைச் சாய்த்து யாரோ பேசுவதைக் கேட்பது போல. நாடி இழுத்துக் கட்டிய தந்தி மாதிரி இருக்கிறது என்று லியூ வழியாகச் சொன்னார்.

பிறகு கேள்விகள். எதில் ருசி, எப்போது தூக்கம் கலைகிறது, கலைந்தால் என்ன நினைப்பு வருகிறது, மாதவிலக்குக்கு முன்னால் மார்பு கனக்கிறதா, அழுகை வந்தால் அழ முடிகிறதா. முதல் இரண்டைத் தமிழில் சொன்னேன். அப்புறம் எனக்குப் பொறுமை போய்விட்டது. லியூ இங்கிலீஷில் திக்கித் திணறி, நான் தமிழாக்கி, அவள் யோசித்து, எப்போது முடிவது? தூக்கம் ஓகே, பசி நார்மல், அழுகை எல்லாம் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். என் வீட்டில் இருப்பவளைப் பற்றி எனக்குத் தெரியாதா? தைஃபூ விரலை எடுக்காமல் லியூவிடம் எதுவோ சொன்னார். லியூ சங்கடப்பட்டார். அந்த மனிதருக்கு ஒரு குணம், எதையும் விடாமல் மொழிபெயர்ப்பார். அவங்க வாயே திறக்கலை, பதில் எங்கேயிருந்து வருதுன்னு டாக்டர் கேக்கறாங்க, என்றார். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

கடைசியாகத் தைஃபூ உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கியது ஏதாவது உண்டா? லியூ அதை அப்படியே என்னிடம் தந்தார். நான் அந்தக் கேள்வியைக் கையில் வாங்கி, நத்திங், நத்திங் லைக் தட், என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன கேட்டாவ?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல, பொதுவா கேட்டாங்க," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு எச்சில் விழுங்கினாள். இன்று வரைக்கும் என்னால் மறக்க முடியாதது அந்த விழுங்கல்தான்.

அதற்குப் பிறகு தைஃபூ விளக்கம் சொன்னபோது எனக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்தது. கல்லீரல் அடைபட்டிருக்கிறது என்றார். ரத்த டெஸ்டில் கல்லீரல் நன்றாக இருக்கிறதே என்று எகிறினேன். லியூ சிரித்துவிட்டு என் பாஷையிலேயே சொன்னார். நம் ஆலை ட்ராயிங்கில் ஒரு கருவிக்கு வட்டம் போட்டு உள்ளே எழுத்து எழுதுகிறோமே, அது அந்தக் கருவியின் உலோகத்தைச் சொல்கிறதா, அது செய்கிற வேலையைச் சொல்கிறதா? வேலையைத்தான். இவர்களுடைய வைத்தியத்திலும் அப்படித்தானாம். கல்லீரல் என்று அவர்கள் சொல்வது வயிற்றின் வலப்பக்கத்தில் இருக்கிற சதையை மட்டும் இல்லை. உடம்பில் ஓட வேண்டியது தங்குதடையில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்கிற வேலைக்கு அந்தப் பேர். கோபத்தை உள்ளேயே வைத்தால் அந்த ஓட்டம் கட்டிக்கொள்ளும். மண்ணீரல் என்பது சாப்பிட்டதைப் பலமாக மாற்றி மேலே ஏற்றுகிற வேலை, ஓயாத யோசனை அதைக் கெடுக்கும், கெட்டால் சளியாகத் தேங்கும். நுரையீரல் மூச்சை வாங்கிக் கீழே இறக்க வேண்டும், துக்கம் அதைத் தளர்த்தும். சிறுநீரகம் பிறப்போடு வந்த சேமிப்பைக் காக்கிறது, அதன் எதிரி பயம். மனசு ராத்திரி தங்குவதற்கு இதயத்தில் இடம் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஏறுவது ஏறி, இறங்குவது இறங்கினால் உடம்பு நலம். இங்கே ஏற வேண்டியது முறுக்கிக்கொண்டது, இறங்க வேண்டியது இறங்கவில்லை, இரண்டும் தொண்டையில் முட்டி நிற்கின்றன.

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் சூளைக்கு மேலே, சுண்ணாம்புக்கல் பொடியைச் சூடாக்கி இறக்குகிற சைக்ளோன்கள் என்ற பெரிய கூம்புகள் இருக்கின்றன. அதில் அடிக்கடி அடைப்பு விழும். அடைத்த இடத்தில் கம்பியை விட்டுக் குத்தி எடுப்போம். ஆனால் காரணம் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது, காற்று இழுவையிலோ, சூட்டிலோ, கீழேயிருந்து ஏறி வருகிற உப்பிலோ இருக்கும். அதே கணக்கு! அதைவிட என்னைச் சாய்த்தது மூன்று அடுப்பு என்று அவர்கள் சொல்லும் உறுப்பு. அதற்குப் பேர் உண்டு, உருவம் இல்லை. மார்பு, வயிறு, அடிவயிறு மூன்றிலும் நீரும் சூடும் போய்வருவதை மேற்பார்க்கிற ஒரு வேலை மட்டும்தான். உருவமே இல்லாத உறுப்பா என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் எங்கள் ஆலையில் இன்டர்லாக் என்று ஒன்று உண்டு. விசிறி நின்றால் எரிபொருளைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு. அதை எங்கேயும் போய்த் தொட்டுக் காட்ட முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் ஆள் செத்துப்போவான்.

அடுத்த பல வாரங்கள் டீ நேரமெல்லாம் லியூவைத் துளைத்தேன். ஆபீஸிலிருந்து பெரிய தாள் கொண்டுவந்து, ஐந்து உறுப்பையும் வட்டமாகப் போட்டு, எது எதை வளர்க்கிறது, எது எதை அடக்குகிறது என்று அம்புக்குறி இழுத்து, முழு உடம்பையும் ஆலைக் கருவிகளுக்குப் போடுகிற லூப் ட்ராயிங்காக வரைந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐஸ் தண்ணீரை நிறுத்தினேன், மண்ணீரலுக்கு ஆகாதாம். இஞ்சி, ஆரஞ்சுத் தோல், சீக்கிரம் தூக்கம், சாயங்காலம் கடற்கரை ரோட்டில் நடை. உன் அம்மா எல்லாவற்றையும் செய்தாள். நடக்கும்போதும் நான்தான் பேசினேன், அவளுடைய கல்லீரலைப் பற்றி அவளுக்கே விளக்கிக்கொண்டு. ஒரு நாள் தண்ணீர் எடுக்க வந்தவள் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று அந்தப் படத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "எல்லாம் சரி. இதுல நீங்க எங்க இருக்கிய?" என்றாள். "நான் எதுக்கு அதுல? வரைஞ்சவன் நான்," என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துவிட்டு, அதான பாத்தேன், என்று போய்விட்டாள். அதைக் கேலி என்று நினைத்து, பழைய ரோஸி திரும்பிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுச் சீன வைத்தியத்தின் பின்னால் போகாதே. மெலிந்தாலோ, ரத்தம் வந்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் திரும்பக் கேமரா விடச் சொல்லி அனுப்பியது அதே தைஃபூதான். அவர்கள் சொல்லும் ஓட்டம் எந்தக் கருவியிலும் பதிவதில்லை. பதியாததை நம்ப எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பாதிக்கு மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குத் தப்பி அதில் ஒன்று நிற்கிறது. அங்கே நோயை அறிவதற்குப் பார்ப்பது, கேட்பது, விசாரிப்பது, தொடுவது என்று நான்கு வழி. நான்கில் ஒன்று, அந்த ஆளின் வாயிலிருந்து வருவது. அந்த வழியை நான் அடைத்துவிட்டு, மீதியை வைத்துப் படம் வரைந்தேன். நாளைக்கு உன் மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போனால் நீ வெளியே பெஞ்சில் உட்கார். அவளுக்குப் பாஷை தெரியாவிட்டால் சம்பளம் வாங்குகிற வேறு யாரையாவது மொழிபெயர்க்கச் சொல். புருஷன் அதற்கு லாயக்கில்லை.

புதிய சூளை ஓட ஆரம்பித்ததும் சீனக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். உன் அம்மா அப்போது உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். தொண்டையில் இருந்தது கொஞ்சம் அடங்கியிருந்தது. லியூ விடைபெற வந்தபோது ஆரஞ்சுத் தோல் ஒரு டப்பா கொடுத்துவிட்டு, அந்தக் கேள்வியை அப்புறம் வீட்டில் கேட்டாயா என்று தைஃபூ விசாரித்தார் என்றார். எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. கேட்டேன், கேட்டேன், என்று பொய் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். குழந்தை பிறக்கட்டும் என்று தள்ளினேன். நீ பிறந்தாய், அதோடு தொண்டையும் திரும்பி வந்தது. உன்னைத் தாலாட்டும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி விழுங்குவாள்.

பிறகு துபாயில் பாதி எழும்பிய கட்டிடங்களெல்லாம் அப்படியே நின்றன. சிமெண்ட் வாங்க ஆளில்லை. ஓவர்டைம் போனது, கம்பெனி குடும்பத்துக்குக் கொடுத்த வீடும் இந்த மாதக் கடைசியோடு போகிறது. நான் கேம்ப் ரூமுக்கு மாற வேண்டும். யோசித்தேன், முடிவெடுத்தேன், டிக்கெட் போட்டுவிட்டு வந்து சொன்னேன். உன் அம்மா சரி என்றாள். அடுத்த வாரம் அவள் என் மொபைலில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் பழைய ஆஸ்பத்திரி லேபில் கூட வேலை பார்த்தவள் போலிருக்கிறது. மறுபடி சேரப்போவதைப் பற்றி, காலை ஷிஃப்ட் கிடைக்குமா, பிள்ளையை ஆச்சி பார்த்துக்கொள்வாளா, புது மெஷின் எப்படி இருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசினாள். இடையில் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை என்பது கேட்டபோதுதான் உறைத்தது. முந்தாநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "இப்ப கொஞ்ச நாளா தொண்டையில ஒண்ணுமே இல்ல, பாத்தியளா. அதுவாப் போயிட்டு."

அதுவாகப் போகவில்லை. எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று கோடு போட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். டிக்கெட் போட்ட வாரத்திலிருந்து அது இறங்கியிருக்கிறது. என்னைவிட்டுப் போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அம்மாவுக்குத் தொண்டை திறந்திருக்கிறது. வேலை கிடைத்ததாலா, ஊரைப் பார்க்கப் போவதாலா, என்னாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் பிரித்தாலும் நடுவில் நான் நிற்கிறேன். அந்தப் படம் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருந்தது. இன்று காலை ஃப்ரிட்ஜை விற்றபோது அதை உரித்தேன். ஐந்து வட்டம், பத்து அம்பு. அவள் கேட்டது சரிதான், நான் அதில் இல்லை.

இவ்வளவு வரைக்கும் எழுதிவிட்டு எழுந்து போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா தரையில் உட்கார்ந்து உன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். கேம்ப்பில் அந்த டாக்டரம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாம முழுங்கினது ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. லியூ மாதிரியே சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்," என்றாள். "பாஷை தெரியாட்டி என்ன? அந்தம்மா எம் மொகத்தப் பாத்துதான கேட்டா. நீங்க என்ன சொன்னியன்னும் தெரியும்."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு அது மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருப்பது மாதிரி. அவள் உன்னுடைய சின்னச் சட்டை ஒன்றை மடியில் வைத்து நீவினாள்.

"நெறைய இருக்கு," என்றாள். "இன்னைக்கு ஆரம்பிச்சா ஃப்ளைட்ட விட்டுருவோம்." லேசாகச் சிரித்தாள். பிறகு, "அந்த கிளினிக்காரன் போன் பண்ணப்போ எங்கிட்ட குடுத்திருந்தா, நானே வேண்டாம்னுகூட சொல்லியிருப்பேன். அத எங்கிட்ட குடுக்கல நீங்க," என்றாள்.

அப்போதுதான் மற்றதையும் கேட்டேன். திரும்பி வருவியா? அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நிலைமை சரியானதும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அந்தச் சட்டையை மடித்து வைத்தாள், அடுத்ததை எடுத்தாள், அதையும் மடித்தாள். நான் பார்த்த வரையில் அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலங்க," என்றாள்.

அவ்வளவுதான். சரி என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஆனால் அது என் பதிலாக இருந்திருக்கும். அவளுடைய பதில் என்று என் கைக்கு வந்தது இந்தத் தெரியலங்க ஒன்றுதான். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரிசெய்ய முடியாது, அளக்க முடியாது. வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது மீதிப் பதில் உனக்குத் தெரிந்திருக்கும். எந்த ஊரில், எத்தனை பேருக்கு உலை வைக்கிற வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாய் என்பதே அந்தப் பதில். நான் எழுதியதில் என் பக்கம் சாய்ந்தது நிறைய இருக்கும், நானே வரைந்த படம்தானே இதுவும். அதனால் உன் அம்மாவிடம் ஒரு தடவை கேள். நான் அந்த வீட்டில் இருந்தால், முதலில் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேள்.

அப்பா